ஹேவ்லாக் போய்வந்த ஊசிகள்

போர்ட் பிளேரில் டிசம்பர் மாதம் மாலை ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டாகிவிடும். கடிகாரம் மட்டும் திருநெல்வேலி நேரத்தையே காட்டும். வந்த புதிதில், வேலை முடிந்து வெளியே வந்ததும் வெகுநேரம் உழைத்துவிட்டதாக எண்ணி என்னை நானே மெச்சிக்கொள்வேன். மணி ஆறுகூட ஆகியிருக்காது. அப்படி மெச்சிக்கொண்டே மூன்று வருடம் போய்விட்டது.

சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகைகளில் குடியிருந்தவர்களிடையே சீதபேதி பரவிவிடுமோ என்ற பயம் இருந்தது. அதை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியாவை ஆராய ஒப்பந்த வேலைக்கு எடுக்கப்பட்டவன் நான். அந்தப் பாக்டீரியா தன் உடம்பில் புரதங்களாலேயே ஊசிகள் செய்து வைத்திருக்கிறது. அடியில் வளையங்கள், அவற்றின் நடுவே வெளியே நீளும் ஒரு குழல். குழலின் நுனி நம் குடல் செல்லைத் தொட்டதும் உள்ளிருந்து வேறு புரதங்கள் பாய்ந்து, செல் தானாகவே கதவைத் திறந்துவிடும். நம் வீட்டுக் கதவைவிட மரியாதையாகத் திறக்கும். இந்த ஊசிகளைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிக்க வேண்டும். தீவில் அந்தக் கருவி இல்லை, சென்னையில் இருந்தது. அங்கே ஒரு வேலையும் காலியாக இருந்தது. “நல்ல படம் ஒன்று கொண்டுவாருங்கள், பிறகு பேசுவோம்” என்றார் அங்குள்ள தலைவர். என் மகள் குப்புற விழுவதற்கு முன்பே கப்பல் ஏறிய எனக்கு அந்தப் படம்தான் ஊர் திரும்பும் டிக்கெட்.

பல மாதம் மெனக்கெட்டு ஊசிகளைப் பிரித்தெடுத்த வாரத்தில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் கைவிரித்தது. பக்கத்து வீட்டு செல்வராஜ் அண்ணன் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையருகே மீன் ஐஸ் கிடங்கில் வேலை பார்ப்பவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கும், சுனாமிக்குப் பிறகு அங்கிருந்து இங்கேயும் வந்த குடும்பம்.

“டென்ஷன் மத் லோ சார், கவலைய விடுங்க. நம்ம ஐஸ் ரூம்ல வச்சிருவோம். மீனே கெடாம கெடக்குது, ஒங்க தண்ணி கெட்டுருமா?” என்றார்.

சின்னக் குழாய்களைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தேன். மூடி திறந்துவிடக் கூடாதே என்று, அங்கே கிடந்த நீலக் கயிற்றால் இறுக்கியும் கட்டினேன். அந்தக் கிடங்கில் எந்தப் பெட்டி எந்தத் தீவுக்கு என்பதைக் கயிற்றின் நிறம்தான் சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. நீலம் என்றால் ஹேவ்லாக். காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் என் ஊர் திரும்பும் டிக்கெட் இறால்களோடு படகேறிவிட்டது.

“அரே சார், நீலக் கவுத்துல யாரு கட்டுனது?” என்று தலையில் கைவைத்தார் செல்வராஜ். இறால் போய்ச்சேரும் ஹேவ்லாக் விடுதியின் சமையற்காரரை அவரே போனில் பிடித்துக் கொடுத்தார். அவர் வங்காளி. எனக்குத் தெரிந்த ஹிந்தியில் மன்றாடினேன்: திறக்காதீர்கள், சூடாகவிடாதீர்கள், ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

“ஜிந்தா ஹை?” உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார்.

“நஹி.”

“தோ மர் கயா?” அப்படியானால் செத்துவிட்டதா?

புரதம் சாகாது, கெடும். அதைச் சொல்லும் ஹிந்தி என்னிடம் இல்லை. “நஹி” என்றேன் மறுபடியும்.

“அச்சா. தாஜா ஹை” என்று முடித்துவிட்டார். புத்தம் புதுச் சரக்கு என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் என் ஆராய்ச்சியை இவ்வளவு சீக்கிரம் வேறு யாரும் புரிந்துகொண்டதில்லை.

பெட்டி மாலைப் படகில் திரும்பி வந்தது, புது ஐஸோடும் மேலே ஒரு சுர்மாய், அதாவது நம்மூர் வஞ்சிர மீனோடும். மீனைச் செல்வராஜ் வீட்டில் குழம்பு வைத்தார்கள். குழாய்களை மறுநாள் விமானத்தில் சென்னைக்குக் கொண்டுபோனேன். படத்தில் ஊசிகள் வளையங்களோடு முழுசாக விழுந்திருந்தன. அவற்றைச் செய்த பாக்டீரியாவும் பக்கத்தில் இல்லை, அவை குத்த வேண்டிய செல்லும் இல்லை. தலைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அடுத்த மாதம் வந்து சேருங்கள்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வாடை கண்ணைக் கரிக்கிறது என்றேன்.

அன்றிரவே பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனேன். கதவைத் திறந்த மனைவியின் சேலைக்குப் பின்னால் மகள் ஒளிந்துகொண்டாள்.

“அப்பா வந்திருக்காங்கல்லா, கிட்ட போ” என்றாள் மனைவி.

“இவங்க இல்ல. அப்பா போன்லல்லா இருக்காங்க.”

நான் பையை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்று மனைவியின் செல்லுக்கு அழைத்தேன். உள்ளே மணி அடித்தது. மகள் ஓடும் சத்தம் தெருவரை கேட்டது.

“அப்பா! எப்ப வருவீங்க?”