கொளஞ்சி பி.இ.யும் ஒரு கேபிளும்

பெரம்பலூரில், அரியலூர் போகிற ரோட்டில், 'கொளஞ்சி பி.இ., கார் ஒர்க்ஸ்' என்று ஒரு பலகை. மற்ற எழுத்தைவிடப் பி.இ. பெரிதாக இருக்கும். வேப்பந்தட்டைப் பக்கம் அவன் தெருவில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் கொளஞ்சிதான். பெரிதாக எழுதாமல் என்ன செய்வான்? "எம் மவன் இஞ்சினீரு, சும்மா ஸ்பானர் புடிக்கிறவன் இல்ல" என்று அவன் அம்மா குஞ்சம்மாள் கடலை பறிக்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி ஒரு சாமான் 2006-இல் அவனுக்குக் கிடைத்தது. சென்னையில் மலிவாக வாங்கிய கேபிள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு முனையைச் சொருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினால் காரின் கோளாறு எழுத்தாய் வந்து நிற்கும். முதலில் சொருகிப் பார்த்தது ஒரு ஜெர்மன் காரில். எஞ்சின், பிரேக், ஏர்பேக் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்துச் சொன்னது. எல்லாக் காருக்கும் சாக்கெட் ஒரே மாதிரிதானே என்று கொரியாக் கார், ஜப்பான் கார் எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஜனங்கள் சுற்றி நின்று, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற வேலை குறைந்தது. சட்டையும் வெள்ளையாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லெப்பைக்குடிகாட்டு நஜீமுதீன் தன் கொரியாக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். பின்சீட்டில் மனைவி நஜ்முன்னிசாவும் சின்ன மகள் இஃப்பத்தும். ஜெயங்கொண்டத்தில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்.

"தம்பி, இந்த மஞ்ச லைட்டு அணைய மாட்டேங்குது. பிரேக்கும் கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கு. நேரமாச்சு, சட்டுனு பாருங்க."

"நல்லாப் பாருங்க தம்பி, புள்ளையோட போறோம்" என்றாள் நஜ்முன்னிசா.

பானட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தான். மேல்கோடு வரை இருந்தது. கேபிளைச் சொருகினான். பிழை எதுவும் இல்லை என்று திரையில் வந்தது.

"கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லைன்னுடுச்சு பாய். லைட்டு சும்மா எரியுது. தைரியமா போயிட்டு வாங்க."

"படிச்ச புள்ளன்னா சும்மாவா!" என்று சிரித்தபடி நஜீமுதீன் கிளம்பிப் போனார்.

பட்டறைக்குள் டாக்சி வைத்திருக்கும் வைத்திலிங்கத்தின் கார் நின்றது. அதுவும் அதே கம்பெனி வண்டி. முன்சக்கரத்தைக் கழற்றும்போது அதன் பிரேக் சென்சார் ஒயரையும் கொளஞ்சி பிடுங்கிப் போட்டிருந்தான். "அந்த மாயப் பொட்டிய எனக்கும் ஒருக்கா போட்டுக் காட்டுங்களேன் இஞ்சினீரே" என்றார் வைத்திலிங்கம்.

சொருகினான். பிழை எதுவும் இல்லை.

அவன் மறுபடியும் தட்டினான். அதே பதில்.

"என்னய்யா இது? ஒயரு ஆட்டுக்குடலு மாதிரி தொங்குது, ஒங்க பொட்டி நல்லாருக்குங்குது?"

கொளஞ்சிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தக் கம்பெனி வண்டியில் கேபிள் எஞ்சினிடம் மட்டும்தான் பேசுகிறது. பிரேக்கை அது விசாரிக்கவே இல்லை. விசாரிக்காததைத்தான் 'ஒண்ணுமில்லை' என்று அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

நஜீமுதீனிடம் இருந்தது துபாய் நம்பர். இங்கே அது வேலை செய்யாது. ஸ்பானர் பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பேரளி தாண்டும்போது ரோட்டோரம் ஒரு கூட்டம். வண்டியை மெதுவாக்கினான். கிட்டே போனால் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன. ஒவ்வொரு லாரியின் முன்பக்கத்தையும் பார்த்தான், நசுங்கியிருக்கிறதா என்று. 'லைட்டு சும்மா எரியுது' என்று தான் சொன்னது காதிலேயே நின்றது. சும்மா எரியும் என்று யார் சொன்னது? எந்தப் புத்தகத்தில் படித்தான்?

அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி வரிசைக்கு நடுவே அந்தக் கார் நின்றது, முழுசாக. கொளஞ்சி வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

"என்ன தம்பி, எதாச்சும் மறந்து வெச்சுட்டீங்களா?"

"இறங்குங்க பாய். அக்கா, நீங்களும் புள்ளைய இறக்குங்க."

உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்தான். பெடல் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. ஆயில் டப்பாவில் பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

"நேத்துத்தான நான் ரொப்புனேன்?" என்றார் நஜீமுதீன்.

"நீங்களா ரொப்புனீங்க?"

"கொறைஞ்சு கெடந்துச்சு, ஊத்துனேன். நீங்க கேக்கலியே?"

கேட்கவில்லைதான். குனிந்து பார்த்தான். பின்சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தது.

"கம்ப்யூட்டர் நல்லாருக்குன்னு சொல்லுச்சுல்ல?" நஜ்முன்னிசா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அது எஞ்சின மட்டுந்தான்க்கா பாத்துச்சு. பிரேக்கப் பத்தி வாயே தெறக்கல. ஒண்ணுமில்லைன்னது நான்."

"புள்ளையோட போறோம்னு சொன்னேனே தம்பி. ஒருதரம் கையால தொட்டுப் பாத்திருக்கக் கூடாதா?"

கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. "யோவ், மாப்ள ஊர்வலமா போறீங்க? ஓரங்கட்டுய்யா!" என்று ஒரு லாரிக்காரர் கத்தினார். நஜீமுதீன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கொளஞ்சி காரை ஓரத்துக்குத் தள்ளி, காலால் கல்லைத் தேடி முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். நஜ்முன்னிசாவும் இஃப்பத்தும் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாவி குடுங்க பாய், சரி பண்ணிக் கொண்டாறேன்."

நஜீமுதீன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இங்கயே கழட்டுங்க. நான் நின்னு பாக்கறேன்."

புழுதியில் மண்டியிட்டு ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினான். ஆயில் விரல் வழியாக முழங்கைக்கு வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. "பாருங்க பாய், இந்த ரப்பர் கிழிஞ்சிருக்கு. ஆயில் இது வழியாத்தான் ஒழுகுது."

அவர் குனிந்து, தானே ஒரு விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி. மத்த மூணையும் கழட்டுங்க."

கொளஞ்சி ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனான்.