பதினொரு வரிகள் தங்கிய இடம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. ஒட்டுசுட்டானில் விடாத மழை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் மேசை இருப்பது தகரக் கூரைக் கொட்டிலில். வீட்டிலிருந்து முற்றம் கடந்து பதினெட்டுக் காலடி.

மனைவிக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்து அன்று இருபத்தாறாம் நாள். நாற்பது நாள் பேசக் கூடாதென்பது டொக்டரின் கட்டளை. அவள் டம்ளரைத் தட்டினால் மழையில் எனக்குக் கேட்காது. ஆகவே பழைய கணினி ஒன்றை அவளிடம் வைத்து, கேபிள் இழுத்து, சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். அவள் தட்டும் வரி அவள் திரைக்குப் போகாமல் கேபிள் வழியே என் திரைக்கு வரவேண்டும். ஒரே கணினியில், அதன் திரைக்கே எழுதவைத்து, பன்னிரண்டு தரம் சோதித்தேன். பன்னிரண்டு தரமும் வரி உடனே வந்தது.

பத்து மணிவரை என் திரை வெறுமையாகவே இருந்தது. சொல்ல ஒன்றுமில்லையாக்கும் என்று நினைத்தேன். பத்து ஐந்துக்கு அவள் கோபத்தில் நிரலை மூடிவிட்டாள். மூடியதும் பதினொரு வரிகள் ஒன்றாய்க் கொட்டின.

"இஞ்சாருங்கோ."

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

"குசினி ஒழுகுது. வாளி எனக்கு எட்டாது."

"கணக்கு வாத்தியாருக்குக் கண்ணும் தெரியேல்லையோ?"

இப்படியே போய், கடைசி வரி: "பக்கத்து வீட்டுக்குச் சீட்டெழுதி ஓட்டோவுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வவுனியாவுக்கு, தங்கச்சியிட்டைப் போறன்."

நனைந்துகொண்டே ஓடினேன். முதலில் சமையலறை ஒழுகிய இடத்தில் வாளியை எடுத்து வைத்தேன். பிறகு விளக்கம் சொன்னேன். திரைக்கு எழுதும்போது ஒவ்வொரு வரியும் முடிந்தவுடன் வெளியே வரும். கேபிள் வழியே அனுப்ப எழுதும்போது எழுத்துகள் ஒரு பையில் சேரும். பை நிரம்பினால் அல்லது நிரலை மூடினால்தான் புறப்படும். பை நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட். அவளுடைய ஏச்சு முழுவதும் அதில் பாதிகூட இல்லை.

அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: "அப்ப இன்னும் ஏசியிருக்க வேணும்."

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் fflush(stdout) என்று சேர்த்தேன். பை நிரம்பக் காத்திராமல் இருப்பதை உடனே அனுப்பு என்பது அதன் பொருள். திரும்பிக் கொட்டிலுக்குப் போய்க் கதிரையில் உட்காருமுன்பே வரி வந்திருந்தது.

"தேத்தண்ணி திரும்பப் போடட்டோ?"

வாசலில் நின்று "ஓம்!" என்று கத்தினேன். அவளுக்குக் காது நன்றாய்க் கேட்கும்.

மறுநாள் ஆறு மணிக்கு ஓட்டோ வந்தது. அவள் படலையடியில் நின்று கையசைத்துத் திருப்பி அனுப்பினாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கேபிள் இரண்டாயிரத்து நூறு, அதன் முனைச் செருகிகள் நூற்றறுபது, வீணாய் வந்த ஓட்டோவுக்கு இருநூறு. ஆக இரண்டாயிரத்து நானூற்றறுபது ரூபா.