பிந்தானில் போன ஒற்றைச் செருப்பு

டீசல் புகையும் தலைவலித் தைலமும் கலந்த நெடி எங்காவது மூக்கில் பட்டால் எனக்குப் பிந்தான் தீவுக்குப் போன படகுதான் நினைவுக்கு வரும். கூடவே பெரியம்மாவின் முகமும் வரும், என்னை அறியாமல் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தேக்கா சந்தைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். அப்பாவின் அண்ணன் மனைவிதான் பெரியம்மா. தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர். அதே குரலில் எங்கள் குடும்பத்தையும் நடத்தினார். பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் பக்கத்து நாட்டுத் தீவான பிந்தானுக்குப் போவதென்று அவர் முடிவு செய்தபோது என்னைவிட அதிகம் துள்ளியவர் அம்மா. திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கப்பல்கள் வரிசையாக நிற்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் கால் நனைத்ததோடு சரி. “அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம்டி” என்று சொல்லிச் சொல்லி, சிராங்கூன் சாலைக் கடையொன்றில் நீலச் சுடிதார் வாங்கிவந்து, நனைந்தால் சாயம் போகுமா என்று வாளியில் முக்கிப் பார்த்தார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரியேதான் இருந்தது. “ஷாலே” என்று நாங்கள் சொன்ன மரவீட்டின் வாசலிலிருந்தே மணல் தொடங்கியது. அம்மா சுடிதாரை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தபோது பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஸ்டெல்லா, நீ எங்க கிளம்பிட்ட? பாப்பாவுக்கு வெயில் ஆகாது. நீ ரூம்லயே இரு லா.”

பாப்பா என்பது பெரியம்மா மகளின் கைக்குழந்தை. பெற்றவள் தொப்பி போட்டுக்கொண்டு ஏற்கெனவே அலையில் நின்றாள். அப்பா அண்ணி சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர்; தலையைக் குனிந்துகொண்டு துண்டை எடுத்தார். அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாளும் அப்படித்தான். நாங்கள் மணலும் உப்புமாகத் திரும்பிவர, அம்மா பால் கலக்கிக்கொண்டோ எங்கள் துணிகளை அலசிக்கொண்டோ இருப்பார். இரவுச் சாப்பாட்டின்போது நான்தான் கேட்டேன், நாளைக்காவது அம்மா வரட்டுமே என்று. பெரியம்மா நண்டை உடைத்தபடியே சொன்னார்: “கடலப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? ஊர்ல வாய்க்கால்தானே பாத்திருக்கா.” மேசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பெரியம்மாவை அழவைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

கடைசி நாள் மாலை அதற்கு வழி கிடைத்தது. தங்க நிற வாரும் தக்கைக் குதிகாலும் வைத்த புதுச் செருப்பொன்றைப் பயணத்துக்கென்றே வாங்கியிருந்தார் பெரியம்மா. தேவாலயத்தில் எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் படகேறினார். அதைப் பாய் ஓரத்தில் விட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்திருந்தார். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போய், அலை பின்வாங்கும் நேரம் பார்த்து, காகிதக் கப்பல் விடுவதுபோல் விட்டேன். தக்கையல்லவா, ஜோராக மிதந்து போனது.

பெரியம்மா கண்விழித்துத் தேடி, வெயிலில் பளபளத்துக்கொண்டு தூரத்தில் போவதைக் கண்டுபிடித்து அலறினார். அப்பாவும் பெரியப்பாவும் இடுப்பளவு தண்ணீர்வரை போய் நின்றுவிட்டார்கள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. சத்தம் கேட்டு அம்மா குழந்தையோடு வந்தார். கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணலில் கிடந்த மற்றொரு செருப்பைப் பார்த்தார்.

“நான் போறேன்க்கா” என்று குழந்தையைப் பெரியம்மா மடியில் வைத்தார்.

“நீயா?”

அம்மா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தவர், தண்ணீர் மார்புக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். என் அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். மாறி மாறிக் கை வீசி, நிதானமாக, யாரும் அவசரப்படுத்த முடியாத தூரத்துக்கு அம்மா போய்க்கொண்டே இருந்தார். செருப்பு கைக்கெட்டிய இடத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு அதை உள்ளங்கையால் மெல்ல, இன்னும் அந்தப் பக்கமாகத் தள்ளிவிட்டார். கரையில் மற்றவர்கள் எதைப் பார்த்தார்களோ தெரியாது, நான் அதைப் பார்த்தேன். அதன் பின்னும் அவர் உடனே திரும்பவில்லை. மல்லாந்து மிதந்தார், மூழ்கி எழுந்தார், பெரியம்மா மடியில் குழந்தை வீறிட்டு அழுது ஓயும்வரை கடலிலேயே இருந்தார்.

“கிடைக்கலக்கா, இழுத்துட்டுப் போயிடுச்சு” என்று சொட்டச் சொட்ட வந்து நின்றார். பெரியம்மா அழுதேவிட்டார். அறையில் தலை துவட்டும்போது அம்மா என் காதருகே குனிந்து, “அடுத்த தடவ ரெண்டையும் போடுடி” என்றார்.

பெரியம்மா குளியலறைச் சிலிப்பரோடு பாஸ்போர்ட் காட்டும் குடிநுழைவு வரிசையில் நின்றார். அதை நினைத்து இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அந்த மரவீடுகள் இப்போது இல்லை. அங்கே மாடி ஹோட்டல் நிற்கிறது. அம்மாவும் போய்விட்டார். அவருடைய அடக்கத்தன்று பெரியம்மா என் தோளைத் தட்டி, “பாவம், அவளுக்கு உலகமே தெரியாது” என்றார். செருப்புக் கதையைக் குடும்பமே கூடியிருக்கும் ஒரு நாளில் அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதென்று அப்போது உறுதி எடுத்தேன். நல்ல கூட்டத்துக்காகக் காத்திருந்ததுதான் தவறாகப் போயிற்று.

சென்ற மாதம் பொங்கோலில் மகள் வீட்டில் இருக்கும் அவரைப் பார்க்கப் போனேன். நினைவு தப்பிப்போன அவருக்கு என்னை யாரென்று தெரியவில்லை. இருந்தாலும் எதிரில் உட்கார்ந்து, குழந்தையைக் கையில் கொடுத்தது, நண்டு உடைத்துக்கொண்டு சொன்னது, செருப்பை விட்டது, அம்மா தள்ளிவிட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். “யாரு அந்தப் பொம்பள? ரொம்பப் பொல்லாதவளா இருக்காளே” என்றார். “அவ செருப்பு போனது நல்லதுதான்.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன். என் பெரியம்மா தப்பித்துவிட்டார்.