எட்டாம் கட்டில்

இது நான் கட்டிய கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை.

அவள் ஒரு சபையின் சொத்துப் பொறுப்பாளர். பெயர்தான் பொறுப்பு, உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுப்பதே வேலை. அந்த வருடத்தில் நான்காவதாக விற்க வந்தது, சபைக்கு யாரோ தானம் கொடுத்து வழிபாட்டு இடமாக இருந்த ஒரு பழைய மாடி வீடு. கோயில் மாதிரி இடத்தை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்காதவர் இல்லை. கூரை ஒழுகியது. வழிபாட்டுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். விற்காவிட்டால் சபையின் முதியோர் இல்லத்தை மூட வேண்டும். அங்கே ஏழாம் கட்டிலில் கிடப்பது அவளுடைய அம்மா.

விற்கும் முன் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். அப்புறம்தான் படிவத்தில் 'பதில் இல்லை' என்று எழுதலாம். முழங்கால் வலியில் அவள் பஸ்ஸிலேயே எல்லா அறைக்கும் எழுதி முடித்துவிட்டாள்.

புதன்கிழமை, மதியம் 3.10. அறை அறையாகப் பூட்டிக்கொண்டே வந்தாள். மாடியில் கடைசி அறை. மனசு கேட்காமல் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"இருக்கேன்மா."

வயதான குரல். கதவு ஒருக்களித்திருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. இது வேறா என்று அலுப்புதான் வந்தது.

"வீட்டை வித்தாச்சும்மா. வெள்ளிக்கிழமை பதிவு."

"என்னை யாரும் கேக்கலையே."

"இப்பக் கேட்டேனே."

"ஒரு தடவைதானே கேட்டே."

கதவிடுக்கு வழியே அறைத் தரையைப் பார்த்தாள். கனத்த தூசி. ஒரு காலடிகூட இல்லை...

"உங்கம்மா எந்தக் கட்டில்?"

அம்மாவைப் பற்றி அவள் சொல்லவே இல்லை.

"ஏழு..."

"பக்கத்துல?"

வாய் தானாகச் சொன்னது. "எட்டு... காலிதான்."

உள்ளே ஏதோ நாற்காலி கிறீச்சிட்டது.

கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை.

மணி 3.26.

வெள்ளிக்கிழமை வக்கீல் பழைய பத்திரத்தைப் படித்தார். வீட்டைத் தானம் கொடுத்த அம்மாளுக்கு மாடி அறை சொந்தம். அதை எடுத்தால் சபை வேறு இடம் தர வேண்டும். எழுதித் தொண்ணூற்றிரண்டு வருடம். "செத்துப்போன நிபந்தனை," என்று வக்கீல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையெழுத்தானது. இல்லம் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனாள். எட்டாம் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"மெதுவாப் பேசுடி," என்றாள் அம்மா. "புதன்கிழமை வந்தாங்க, இப்பத்தான் கண்ணசந்தாங்க. யாரோ ஒருத்தி ஒரே தடவை கேட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டாளாம், பாவம்."