நான் காட்டிக்கொடுத்த கிரேக்கர்

லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. சில வருடங்களுக்கு முன் என் ஷிப்டில் ஒரு கிரேக்கர் வந்து சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அதிகம் பேசமாட்டார்.

எங்கள் மாதா கோயில் ஆட்கள் நாங்கள் நாற்பது வயது தாண்டியோருக்கென்று ஓர் உதைபந்தாட்டக் குழு வைத்திருந்தோம். அதில் நான்தான் முன்வரிசை ஆட்டக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்துவிட்டது. சும்மா நின்றால் போதும் என்று சொல்லி அவரைக் கூட்டிப் போனேன். அவர் ஓடவேயில்லை. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே நடந்து போய் நின்றார். மூன்று கோல். அடுத்த கிழமை கப்டன் அவரை முன்னுக்கு விட்டுவிட்டு என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினான்.

ஆட்டம் முடிந்ததும் அவரை வீட்டில் இறக்கிவிடுவது நான்தான். ஒருநாள் காருக்குள் இருந்து தன் கதையைச் சொன்னார். ஒரு தீவில், மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த மண் திடலில் விளையாடத் தொடங்கியவர். பதினெட்டு வயதில் ஏதென்ஸ். முதற்பிரிவில் பதினான்கு வருடங்கள், ஐந்து கழகங்கள், இருநூறுக்கு மேல் கோல்கள். இரண்டு பருவங்களில் நாட்டிலேயே அதிகம் அடித்தவர் அவர்தான். தேசிய அணிக்கு ஒரேயொரு தடவை, அதுவும் கடைசிப் பதினொரு நிமிடம். பிறகு முழங்கால் போய்விட்டது. மகள் லண்டனில் குடியேறியதால் அவரும் வந்துவிட்டார்.

யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் எல்லோரும் அந்தப் பழைய ஆளைத்தான் தேடுவார்களாம். இங்கே யாரோ ஒருவராக விளையாடுவது பிடித்திருக்கிறதாம். நான் தலையாட்டினேன்.

சம்பளத்துக்கு விளையாடியவர்கள் எங்கள் சுற்றுப்போட்டியில் ஆடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் அடித்த கோல்களால் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டோம். அதற்கு மூன்று நாள் இருக்கையில் போட்டி நடத்துபவர்களுக்குப் போன் செய்து, நான் யாரென்று சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் கப்டனைக் கேட்க, கப்டன் அவரைக் கேட்டான். அவர் மறுக்கவில்லை. முந்தைய ஆட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, இறுதிப் போட்டியில் மட்டும் அவரை இறக்கவேண்டாம் என்று முடிவாயிற்று.

"அண்ணை, ஆரோ அறிவிச்சுப் போட்டாங்கள்," என்றான் கப்டன். "அந்த மனுசனை இப்பிடி வெக்கப்படுத்தியிருக்கக் கூடாது. உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றேன்.

முன்வரிசை இடம் திரும்பவும் எனக்கு வந்தது. அன்று அவரும் மைதானத்துக்கு வந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் என் தோளில் கைபோட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். எதிர்க்குழுவில் கோல் காக்கும் கோலி அவசரப்பட்டு விழுகிறவர், பந்து கிடைத்தால் ஒரு கணம் பொறுங்கள் என்றார். இரண்டாம் பாதியில் பந்து எனக்குத் தனியாகக் கிடைத்தது. பொறுத்தேன். கோலி விழுந்தார். பந்தை மெல்ல உள்ளே தட்டினேன். அந்த ஒரு கோலில் வென்றோம். என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டுக்கு வெளியே நின்று அவர் கைதட்டினார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை. கடைசியில் கன்டீனில் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, போன் செய்தது நான்தான் என்று சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "தெரியும். இந்த நாட்டில் அதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்," என்றார்.

"பிறகு ஏன் கோலியைப் பற்றிச் சொன்னீர்கள்?"

"குழு வெல்லவேண்டாமா?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு அவர் என் காரில் ஏறவில்லை. பஸ் வசதி என்றார். முழங்கால் நோகிறது என்று சொல்லி நான் குழுவிலிருந்து விலகினேன். அதுவும் பொய்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் பூங்காவில் சிறுமிகள் குழுவொன்றைப் பழக்குகிறார். வந்து பார்க்கும்படி கப்டன் பலமுறை சொல்லிவிட்டான். ஒருதடவை கார் நிறுத்துமிடம் வரை போனேன். வேலிக்கு அப்பால் அவர் குனிந்து பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இறங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.