டேனிஷில் நான் பேசிய கல்யாணப் பேச்சு

கிள்ளான் துறைமுகத்துப் பழைய ஆட்களிடம் என் லோரிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டு வந்து, லோரியின் பின்னால் நின்று மூட்டை தள்ளியவன் நான். இன்று சொந்த யார்டு, சொந்தப் பெயர்ப் பலகை. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. மலாய், துறைமுகத்துச் சீனர்கள் பேசும் ஹொக்கியன், வேலைக்கு வேண்டிய அளவு ஆங்கிலம் எல்லாம் காதில் விழுந்து வாயில் வந்தவைதான். எழுபதை நெருங்கும் வயதில் இன்னொரு மொழியையும் பிடித்தேன். பெருமை அடித்துக்கொள்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பிடித்தேனா இல்லையா என்பதை மட்டும் கடைசியில் சொல்லுங்கள்.

என் ஒரே மகள் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடெடுத்துத் தங்கி வேலை பார்த்தாள். அதே கம்பெனிக்கு வந்த டென்மார்க்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். பையனைக் குறை சொல்ல முடியாது. கையால் சாப்பிடுகிறான். என் மனைவி வைக்கும் நண்டுப் பிரட்டலைக் கண்ணில் நீர் வழிய வழிய மறுபடியும் கேட்டு வாங்குகிறான். கல்யாணம் கிள்ளானில். அது முடிந்ததும் இரண்டு பேரும் டென்மார்க்குக்குக் குடி போகிறார்கள். இதில்தான் எனக்கு நெஞ்சில் கல் உட்கார்ந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பையன் ஒரு சங்கதி சொன்னான். அவர்கள் ஊரில் கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து பேச வேண்டுமாம். பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம்.

மகள் உடனே சொன்னாள். "நீங்க தமிழ்ல பேசுங்கப்பா. நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லிடறேன். அவங்களுக்கு எல்லாம் இங்கிலீஷ் தெரியும்லா."

"உன்னைப் பத்தி நான் சொல்றத நீயே மாத்திச் சொல்லுவியா? பாதிய வெட்டிருவ."

"அப்ப தம்பி சொல்லட்டும்" என்று பையனைக் காட்டினாள் என் மனைவி.

"அவன் வெட்ட மாட்டான், ஏத்தி வச்சிருவான்."

வங்கியில் எனக்காக மகள் பேசுகிறாள். மருத்துவமனையில் மகள் பேசுகிறாள். வரி அலுவலகத்தில் கணக்காளர் பேசுகிறார். இது ஒன்றையாவது என் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்நாட்டில் அவளுக்கு ஆபத்து அவசரத்துக்கு ஓடிவர நான் இருக்க மாட்டேன். இந்த மனிதர்கள்தான் இருப்பார்கள். அவள் யார் என்று பெற்றவன் சொல்லி அவர்கள் கேட்க வேண்டும், அவர்கள் வீட்டில் பேசுகிற மொழியிலேயே கேட்க வேண்டும்.

"டேனிஷ்ல பேசறேன்" என்றேன்.

என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "லைசென்ஸ் டெஸ்டுக்கே மூணு தடவ போன ஆளு."

"கடைசில எடுத்தேனா இல்லையா?"

அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். வெள்ளைக்காரரிடம் போவதென்றால் ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று எங்கள் காலத்து ஆட்களின் தலையில் ஆணி அடித்து வைத்திருக்கிறது. டென்மார்க்காரருக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன உறவு என்று நான் யோசிக்கவே இல்லை. பேச்சை முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். என் ஆங்கிலம் கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் ஆங்கிலம். முழு வரியாகக் கைப்பேசியில் மொழிபெயர்க்கப் போட்டால், அது என் வரியைத் திருத்தி வேறு எதையோ சொன்னது. எனக்குக் கோபம். சரி, மொத்தமாக ஏற்றினால்தானே சரிகிறது, மூட்டை மூட்டையாக ஏற்றுவோம் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டு, வந்த டேனிஷ் வார்த்தைகளை வரிசையாக அடுக்கினேன். அதைப் பையனிடம் வாசித்துக் காட்டினேன்.

பையனின் காது சிவந்துவிட்டது. சிரிக்கவும் முடியாமல், மாமனார் முன்னால் சும்மா இருக்கவும் முடியாமல் தண்ணீர் குடித்தான்.

மகள்தான் உடைத்துச் சொன்னாள். இரக்கமுள்ளவள் என்று சொல்ல 'கைண்ட்' போட்டிருந்தேன். அதற்கு ஆங்கிலத்தில் 'வகை' என்றும் பொருள் உண்டாம். கைப்பேசி வகையைக் கொடுத்துவிட்டது. "என் மகள் மிகவும் வகை" என்று வாசித்திருக்கிறேன். என் வீட்டு விளக்கு என்று சொல்ல 'லைட்' போட்டால், "என் வீட்டின் கனமில்லாதது" என்று வந்திருக்கிறது. கஷ்டப்பட்டு வளர்த்தேன் என்று சொல்ல 'ஹார்டு' போட்டால், கல் மாதிரி கெட்டியாக வளர்த்தேன் என்றிருக்கிறது.

"ஒரு வார்த்தைக்குள்ள நாலு பேரு குடியிருக்கான்ப்பா" என்றாள் மகள். "நீங்க கதவத் தட்டுனா எவன் வருவான்னு சொல்ல முடியாது. விடுங்கப்பா. நான் வாசிச்சிடறேன்."

"விட மாட்டேன்" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்கூட்டியே பையனின் அம்மா வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கணவர் இல்லை. அந்த அம்மா ஊரில் பஸ் ஓட்டுகிறவர். அதைக் கேட்டதுமே எனக்கு மரியாதை வந்துவிட்டது. பனியில் பெரிய வண்டி ஓட்டுவது சாதாரண வேலையா?

முதல் நாள் காலையில் தோசை வைத்தோம். மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், நன்றாகத் தூங்கினீர்களா, ஏர்கோன் குளிர் அதிகமா? "யெஸ், யெஸ்" என்றார் சம்பந்தியம்மா. இன்னொரு தோசையா, காபியா? அதற்கும் "யெஸ், யெஸ்." தலையாட்டல், ஒரு சிரிப்பு.

மகள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்த 'யெஸ் யெஸ்' எனக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பல்காரர்களிடமும், மருத்துவர்களிடமும், மகளின் சிநேகிதிகளிடமும் காலமெல்லாம் நான் சொல்லிவந்தது அதுதான். அந்த அம்மாவுக்கும் ஆங்கிலம் என் அளவுதான். பிள்ளைகள் இரண்டும் தங்கள் ஆங்கிலத்தை எங்கள் தலையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கே அவரை யார்டுக்குக் கூட்டிப் போனேன். பெரிய லோரியின் கதவைத் திறந்ததும் படியில் கால் வைத்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கியரைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னார். பாராட்டு என்று புரிந்தது. நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். என் பேச்சுத் தாளை எடுத்து, ஆங்கில வரிகளைப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது, அவர் மகனுக்கு விழுவதைப் போலவே.

அதிலிருந்து எங்கள் வேலை முறை ஒன்றுதான். ஆங்கிலம் உள்ளே வரக் கூடாது. பொருளைக் காட்டு, செய்து காட்டு, சொல்லை வாங்கு. லோரியின் இரும்பைத் தட்டினேன், கெட்டிக்கு ஒரு சொல் கிடைத்தது. பஞ்சரான டயரைத் தனியாகத் தூக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டேன், கஷ்டத்துக்கு வேறு சொல் கிடைத்தது. முதுகுவலி நடிப்பு இல்லை என்பது வேறு விஷயம். பூஜை அறை விளக்கைக் காட்டினேன். அதற்கு அவர் சொன்ன சொல் என் காதில் 'லூஸ்' என்று விழுந்தது.

"உங்க மகளத்தானே? சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி.

இரக்கத்துக்கு என்ன செய்து காட்டுவது? யார்டில் திரியும் நொண்டிப் பூனைக்கு மகள் வாரம் தவறாமல் மீன் கொண்டுவந்து வைப்பாள். அன்றும் வைத்தாள். நான் பூனையைக் காட்டினேன், மகளைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டேன். சம்பந்தியம்மா "ஸோழ்" என்றார். மாலையில் கடையில் தே தாரிக், சீனிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீர், வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, அதற்கும் "ஸோழ்" என்றார். எனக்குத் திக்கென்றது. பையனிடம் கேட்டேன். இனிப்புக்கும் அதுதான், நல்ல மனசுக்கும் அதுதான் என்றான். டேனிஷ்காரர்களும் ஒரே வீட்டில் இரண்டு பேரைக் குடிவைக்கிறார்கள். ஆனால் இது நல்ல ஜோடி. நாமும் தங்கமான பெண் என்கிறோமே, அவளை அடகுக் கடைக்கா கொண்டு போகிறோம்? அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை வெளிநாட்டவர் யாராலும் சொல்ல முடியாதாம். பையன் எச்சரித்தான். அது நம் ழகரத்துக்குப் பக்கத்து வீட்டு எழுத்து. நாக்கை மடித்துச் சொன்னேன். பையன் வாயைப் பிளந்தான். மகளைச் சொல்லச் சொன்னேன், அவளுக்கு வரவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

போகப் போக எனக்கே ஆச்சரியம். ஆங்கிலத்தில் 'திங்க்' என்று ஒன்றை வைத்து ஓட்டுகிறார்கள். டேனிஷில் யோசிப்பது வேறு, நம்புவது வேறு, மனசுக்குப் படுவது வேறு. நமக்கும் அப்படித்தானே? அம்மாவுடன் பிறந்தவருக்கு ஒரு சொல், அப்பாவுடன் பிறந்தவருக்கு ஒரு சொல். இங்கே பாசாரில் மீன் வெட்டுகிறவர் முதல் தாய்மாமன் வரை எல்லாரையும் 'அங்கிள்' என்று ஒரே கூடையில் போட்டுவிட்டோம். கிள்ளானிலிருந்து டென்மார்க்குக்கு நேர்வழி இருக்கும்போது நான்தான் லண்டனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

கடைசி வரிதான் பிடி கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு முக்கியமான வரி. 'உங்கள் ஊர்க் குளிர் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மகளைத் தெரியும்.' கைப்பேசியில் 'தெரியும்' என்பதற்கான ஆங்கிலத்து 'நோ'வைப் போட்டபோது இரண்டு இடத்துக்கும் ஒரே சொல்லைத்தான் கொடுத்திருந்தது. சம்பந்தியம்மா வேகமாகத் தலையாட்டி மறுத்தார். சமையல்கட்டுக் கடிகாரத்தைக் காட்டி, மணி என்ன என்று தெரியும் என்பதுபோல "வே" என்றார். பிறகு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியைக் காட்டி, என்னைக் காட்டி, "கென்ன" என்றார். மறுபடியும் கடிகாரம், வே. மனைவி, கென்ன.

தகவல் தெரிவது வேறு. ஆளைத் தெரிவது, கூட இருந்து, சண்டை போட்டு, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து தெரிவது வேறு. தமிழில் நானே இதை ஒரே சொல்லில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். டேனிஷ் வந்துதான் எனக்கு இதைப் பிரித்துக் கொடுத்தது.

"என்னைய எதுக்குக் கை காட்டுறாங்க?" என்றாள் மனைவி.

"பாடம்" என்றேன்.

கல்யாணத்தன்று ராத்திரி விருந்து. கோயில் கூட்டங்களில் நான் பேசாத பேச்சில்லை. ஆனால் எங்கள் ஊர் மண்டபத்தில் யார் பேசினாலும் பிள்ளைகள் ஓடும், கறி மேசையில் வரிசை நகரும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்தேன். முதல் டேனிஷ் வரியைச் சொன்னதும் டென்மார்க்காரர் மேசைகளில் முள்கரண்டிகள் ஒன்றுவிடாமல் கீழே இறங்கின. நாற்காலிகளை என் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து மேசைத் தமிழ் ஆட்களும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"சத்தம் போடாதீங்கலா, பாஸ் ஏதோ பாஷை பேசுறாரு" என்று என் டிரைவர் ஒருவர் சொன்னது மேடை வரை கேட்டது.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் பேசுவதை ஒரு மண்டபமே கேட்டது. தாள் இல்லாமல், மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போனேன். விளக்கு வந்தது, கஷ்டம் வந்தது, ஸோழ் வந்தது. அதற்கு டென்மார்க்காரர் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. குளிர் எவ்வளவு என்று தெரியாது, அங்கே 'வே' சரியாக விழுந்தது. அடுத்த சொல் இல்லை. தேடினேன், இல்லை. மகள் மணமேசையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். எனக்காகப் பேச வரப் போகிறாள்.

கையால் அவளை உட்காரச் சொன்னேன். மண்டபத்தில் கடிகாரத்தைத் தேடியபோது என் மனைவி கண்ணில் பட்டாள். முன்வரிசையில் பட்டுச்சேலையில், இந்த மனுசன் என்ன செய்யப் போகிறாரோ என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முறைப்பைப் பார்த்ததும் சொல் தானாக வந்தது. கென்ன. என் மகளை எனக்குத் தெரியும்.

டென்மார்க்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார். மகள் மட்டும் எழவில்லை. தலையைக் குனிந்து மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டேனிஷ் அந்த அளவு தெரியும்.

பிறகு அவர்கள் எல்லாரும் காலால் தரையை உதைத்துச் சத்தம் எழுப்பினார்கள். அப்படிச் செய்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் மேசைக்கு அடியில் போய் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டுமாம், அது அவர்கள் வழக்கம். இரண்டும் மேசைவிரிப்புக்குள் மறைந்தன. மோதிரம் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று என் மைத்துனர் தேடிக்கொடுக்கக் குனிந்தார். போன வேகத்தில் நிமிர்ந்தவர், இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் பையனின் பெரியப்பா, ஆறடிக்கு மேல் இருக்கும் கிழவர், வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு டேனிஷ் நன்றாகத் தெரியும் என்று நம்பிவிட்டார். மடை திறந்ததுபோலப் பேசினார். ஒரு எழுத்து புரியவில்லை. 'யெஸ் யெஸ்' தொண்டை வரை வந்துவிட்டது. பழகிய சரக்கு அல்லவா.

மகள் வேகமாக வந்தாள். "அப்பா, அவர் என்ன சொல்றாருன்னா..."

"நீ போய்ச் சாப்பிடும்மா" என்றேன். "நான் பாத்துக்கறேன்."

கிழவரின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். என் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மேசையில் இருந்த கரண்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இது என்ன என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினேன்.