டயனா வீட்டு வாசலில் கரவான்

கஸ்பர் கரவான் வாங்கின கதை, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து சனம் கோயில் ஹோலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற நேரத்துக்குள்ளேயே ஒரு சுற்று வந்துவிட்டது.

“என்ன அண்ணை, கவுன்சில் உங்கடை வீட்டைப் பறிச்சுப்போட்டுதோ?” என்று கிருசாந்தன்தான் தொடக்கிவைத்தான். கஸ்பரோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிற பெடியன்.

“சொந்த வீடடா அது.”

“அப்ப இமாக்கா கலைச்சுப்போட்டா. அதுதான் காருக்குப் பின்னாலை வேறை வீடு கட்டி இழுக்கிறியள்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்தார். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி, “வயசு போகுதெல்லோ, நாலு இடம் பாப்பமெண்டு,” என்றார். பக்கத்தில் நின்ற மனைவி இம்மாகுலேற் வெறுங்கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினா. உண்மைக் காரணம் அந்த ஹோலில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருசத்துக்கு முன் இம்மாகுலேற்றுக்குக் குடலில் கான்சர் வந்தது. வெட்டி எடுத்தார்கள். எடுத்த கையோடு வயிற்றின் இடது பக்கத்தில் சின்னத் துவாரம் வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி மலம் அந்தப் பைக்குள்தான் வரும், ஆயுள் முழுக்க அப்படித்தான் என்று டொக்டர் சொன்னார். கான்சர் போய்விட்டது, பை மட்டும் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் ஹேர்னியா ஒப்பரேசன் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

லண்டனில், வால்தம்ஸ்டோவில், சொந்த வீட்டில், அது ஒரு பெரிய விசயமாக இருக்கவில்லை. இம்மாகுலேற் சமைத்தா, பூசைக்குப் போனா, பகுதிநேர வேலைக்கும் திரும்பினா. பிரச்சினை வந்தது வேறு வீட்டில் தங்கினபோதுதான். ஸ்ட்ரெதத்தில் கஸ்பரின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் ஒரு பிறந்தநாள் முடிந்து, நேரம் போய்விட்டதென்று எல்லோருமாகப் படுத்தார்கள். வீடு நிறையச் சனம், பாத்ரூம் ஒன்று. உள்ளே இம்மாகுலேற் பையை மாற்றிக்கொண்டு நிற்க, வெளியே ஆள்மாறி ஆள் கதவைத் தட்டினார்கள். அவசரத்தில் ஒட்டின பை, படுக்கையில் கசிந்துவிட்டது. எல்லோருக்கும் முதல் எழும்பி அந்தப் பெட்சீற்றைத் தானே தோய்த்துவிட்டு, தேத்தண்ணி ஊத்துப்பட்டுப்போச்சு என்று சொன்னா. திரும்பி வந்து தங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது, “இனி நான் ஒருத்தற்றை வீட்டிலையும் படுக்கன்,” என்றா.

லண்டனுக்குள் அதைக் கடைப்பிடிப்பது சுகம். ஹரோவுக்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் இம்மாகுலேற்றின் தங்கச்சி டயனா இருந்தது கிளாஸ்கோவில். அங்கே போய், படுக்காமல் திரும்பி வர ஏலாது. டயனாவின் புதுவீடு குடிபூரலுக்கு இவர்கள் போகவில்லை. டயனாவின் மாமி செத்த வீட்டுக்கும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் கஸ்பரின் ஷிப்ட்டில் பழி விழுந்தது.

“அவளுக்கு மட்டும் சொன்னால் என்ன, இமா? கூடப்பிறந்தவள்தானே,” என்று கஸ்பர் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

“கூடப்பிறந்தவள் மட்டுமே? அம்மா செத்த நாளிலையிருந்து நான் கழுவித் துடைச்சு வளத்த பிள்ளை. அவள் என்னைப் பாத்து மூக்கைச் சுழிச்சாளெண்டால் நான் தாங்கமாட்டன்.”

இந்த வருசம் தவக்காலத்தில் டயனா போன் எடுத்தாள். அவளுடைய மகள் லக்‌ஷிகாவுக்கு மே மாதம் கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற முதல் நன்மை. ஞானத்தாய் இம்மாகுலேற்.

“அத்தானுக்கு ஷிப்ட் எண்டால் அத்தானை விட்டிட்டு வாங்கோ. பெரியம்மா வருவாவோ எண்டு பிள்ளை ஒவ்வொரு நாளும் கேக்குது. இந்த முறையும் வரேல்லையெண்டால் எனக்கு அக்கா இல்லை. சொல்லிப்போட்டன்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கஸ்பரும் கேட்டார். டயனா வாயால் வெட்டுகிறவள் இல்லை, சொன்னால் செய்கிறவள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கரவான் யோசனையைக் கொடுத்தது ஆஸ்பத்திரி நேர்ஸ். பை உள்ளவர்களைப் பார்ப்பதுதான் அந்தப் பெண்ணின் வேலை. தன்னிடம் வருகிற ஒரு கிழவர் கரவானோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறார், அதுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது, ரொயிலற்றைத் தன்னோடு கொண்டு திரிகிற மனுசனுக்கு என்ன பயம் என்று ஏதோ கதையில் சொன்னா. இம்மாகுலேற் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோனா. கஸ்பர் மறக்கவில்லை. டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய சின்னக் கரவான் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கி, எப்பிங் பக்கம் ஒரு பண்ணையில் விட்டு, ஓய்வு நாட்களில் போய்ப் போய்த் திருத்தினார். படுக்கையை விட ரொயிலற்றுக்குத்தான் கூட நேரம் செலவழித்தார். பைகள் அடுக்க ஒரு தட்டு, துவாய் கொழுவ ஒரு கொழுக்கி, வயிற்று உயரத்தில் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் ஒரு லைற்.

இம்மாகுலேற் வந்து பார்த்தா. “என்ன இது, கண்ணாடியை இவ்வளவு பதிச்சுப் பூட்டி வைச்சிருக்கிறியள்? முகம் பாக்கேலாது.”

“முகம் பாக்கக் கார்க் கண்ணாடி இருக்கு.”

அப்போதுதான் அவவுக்கு விளங்கியது. தட்டைத் தடவிப் பார்த்தா. “கொஞ்சம் சரிவாய்க் கிடக்கு,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றா.

ஒரு சிக்கல் இருந்தது. வாழ்நாள் முழுக்க லண்டனில் பஸ் ஓட்டின மனுசனுக்குப் பின்னுக்கு எடுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பயணிகள் ஏறின பஸ்ஸை ரோட்டில் பின்னுக்கு எடுக்க விடமாட்டார்கள், எடுப்பதென்றால் பின்னால் ஒருவர் நின்று கை காட்டவேண்டும். கரவானோ அதற்கு மேல் ஒரு படி. ஸ்டியரிங்கை இடது பக்கம் வளைத்தால் அது வலது பக்கம் போகும். கஸ்பர் பண்ணை வெளியில் பயிற்சி எடுத்த அன்று, கரவான் நேராக வேலியைத் தேடிப் போனது.

“நில்லுங்கோ! நில்லுங்கோ!” இம்மாகுலேற் கத்தினா. “என்னைப் பாக்கிறியளோ, வேலியைப் பாக்கிறியளோ?”

“ரெண்டையும்தான் பாக்கிறன்.”

“வேலியை நான் பாக்கிறன். நீங்கள் என்ரை கையை மட்டும் பாருங்கோ.”

அதற்குப் பிறகு சரியாக வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விமானத்தை இறக்குகிறவர் மாதிரி நின்று, வேலியோரமாகக் கொண்டுவந்து நிறுத்தினா.

மே மாதம் இரண்டாம் வாரம் புறப்பட்டார்கள். ஒரே மூச்சில் போக கஸ்பர் துணியவில்லை. பெரிய லொறிகள் முந்திப் போகும்போதெல்லாம் கரவான் வால் ஆட்டியது. கம்பிரியாவில் ஆட்டுப் பண்ணை ஒன்றுக்குப் பக்கத்தில் கரவான்கள் நிற்கிற வெளியில் முதல் இராத் தங்கல். இம்மாகுலேற் கொண்டுவந்த புட்டையும் மீன்குழம்பையும் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். அடுத்த நாள் ரொயிலற் தொட்டியைக் கழற்றிக்கொண்டு கஸ்பர் கொட்டுகிற இடத்துக்குப் போனார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனவர், சிரித்துக்கொண்டு திரும்பினார்.

“என்ன சிரிப்பு?”

“வரிசையிலை நிக்கிறாங்கள், இமா. வெள்ளைக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு தொட்டியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு மழை வருமோ எண்டு கதைக்கிறாங்கள். ஒரு மனுசன் குட்மோர்னிங் சொல்லி கையை நீட்டி எனக்குக் கைலாகு தரப்பாத்தான்.”

“குடுத்தனீங்களோ?”

“குடுக்காமல்? பிறகு வடிவாய்க் கழுவினன்.”

அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நல்லாய் நித்திரை வந்தது என்றும் சொன்னா.

கிளாஸ்கோவில் டயனா வீட்டுக்கு முன்னால் கார் விட இடம் இருந்தது. கரவானைப் பின்னுக்கு எடுத்துத்தான் உள்ளே விடவேண்டும். டயனாவின் புருசன் கொட்வின் ஓடி வந்து, “விடுங்கோ அண்ணை, விடுங்கோ, விடுங்கோ,” என்று கையைக் காட்டி, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய் முட்டவைத்தான். இம்மாகுலேற் இறங்கி, கொட்வினை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தானே நின்று எடுத்துக் கொடுத்தா. அந்தத் தெரு முழுக்க யன்னலில் நின்றது.

லக்‌ஷிகா ஓடிவந்து பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பை நசியாமல் இம்மாகுலேற் லேசாய்ப் பக்கவாட்டில் திரும்பி அணைத்தா. டயனா அக்காவின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு அறை, பெயின்ற் புதுசு கலையாமல். புதுக் கட்டில், புதுப் பெட்சீற், கட்டிலுக்குப் பக்கத்தில் மாதா சொரூபம்.

“உங்களுக்கெண்டு செய்த அறை. குடிபூரலுக்கு வருவியளெண்டு செய்தது. இதுவரைக்கும் ஒருத்தரையும் படுக்கவிடேல்லை.”

கீழே வந்த இம்மாகுலேற் கஸ்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வாறன் என்று கரவானுக்குள் போய்விட்டா. கஸ்பர் வழியெல்லாம் யோசித்து வைத்த பொய்யை வாசலில் வைத்து எடுத்துவிட்டார்.

“டயனா, குறை நினையாதை. எனக்கு முதுகுப் பிடிப்பு. மெத்தை ஒத்துவராது. நாங்கள் இதுக்குள்ளையே படுக்கிறம்.”

டயனாவின் முகம் மாறியது. “வீட்டுக்கு வந்து வாசலிலை படுக்கிறதோ?”

“வாசலிலை எண்டில்லை—”

“சரி. உங்களுக்குத்தானே முதுகு? நீங்கள் இதுக்கை படுங்கோ. அக்கா மேலை படுக்கட்டும்.”

இந்த இடத்தை கஸ்பர் யோசித்திருக்கவில்லை. “இமா இல்லாமல் எனக்கு நித்திரை வராது,” என்றார்.

“இந்த வயசிலையுமோ அண்ணை?” என்று கொட்வின் சிரித்தான். டயனா சிரிக்கவில்லை.

“அத்தான், நான் விசரியில்லை. மாமி செத்ததுக்கு வரேல்லை, ஷிப்ட் எண்டியள். குடிபூரலுக்கு வரேல்லை, ஷிப்ட் எண்டியள். இப்ப வந்தும் வீட்டுக்கை படுக்க விடமாட்டன் எண்டு நிக்கிறியள். அக்காவை என்னட்டை விடாமல் மறிக்கிறது நீங்கள்தான். எங்கடை வீட்டிலை என்ன குறை? எங்களிலை ஏதும் மணக்குதோ உங்களுக்கு?”

கஸ்பர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். ஓமென்றால் அந்தப் பழி தன்னோடு நிற்கும். இல்லையென்றால், அப்ப ஏன் அக்கா வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

“ஓம், நான்தான் மறிச்சனான்,” என்றார். “பிழை என்னிலைதான். எனக்கு மற்ற ஆக்களின்ரை வீட்டிலை படுக்கிறது பிடியாது. வேணுமெண்டால் என்னோடை கதையாமல் விடு, அக்காவோடை கோவியாதை.”

கரவான் சுவர் மெல்லிசு. உள்ளே நின்றவவுக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும். கதவு திறந்தது. இம்மாகுலேற் படியில் நின்றா, சட்டையைச் சரியாக இழுத்துவிடாமல்.

“டயனா, உள்ளுக்கு வா.”

“நான் அத்தானோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“அவரோடை கதைக்க ஒண்டுமில்லை. அவர் சொல்லுறது முழுக்கப் பொய். நீ வா, காட்டுறன்.”

டயனா ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஆண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். என்ன அண்ணை பிரச்சினை என்று கொட்வின் கேட்டான். கஸ்பர் போய்ப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை நேராக்கி வைத்தார். கொட்வின் குனிந்து காருக்கும் கரவானுக்கும் இடையிலான கொழுவியைப் பார்த்து, இது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டான். கஸ்பர் அதற்கும் ஏதோ சொன்னார். காது முழுக்க கதவில் இருந்தது. முதலில் இமாவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம். அதற்குப் பிறகு, நம்பமுடியாமல், சிரிப்பு.

டயனா இறங்கி வந்தபோது கண் வீங்கியிருந்தது. மூக்கும் சிவந்திருந்தது. நேராக கஸ்பருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்னட்டை மூண்டு வருசம் பொய் சொன்னதுக்கு உங்களோடை பிறகு கதைக்கிறன்,” என்றாள். “இதுக்குத் தண்ணி எதிலை நிரப்புறது?”

கஸ்பர் கரவானின் தண்ணிக் கானைக் காட்டினார். அவள் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் குழாயில் பிடித்தாள். கொட்வின் வாங்கப் போனபோது, “விடுங்கோ, நான் செய்யிறன்,” என்று தோளால் தள்ளினாள். கானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். திரும்பும்போது கையில் அவளுடைய தலையணையும் புதுப் போர்வையும் இருந்தன.

“அத்தான், உள்ளுக்கு அந்த மற்ற வாங்குக் கட்டிலிலை நீங்கள்தானே படுக்கிறனீங்கள்?”

“ஓம்.”

“இண்டைக்கு அதிலை நான். மேலை அறை உங்களுக்குத்தான். முதுகைப் பற்றி ஒரு கதை கதைக்கப்படாது.”

அப்படியே நடந்தது. யாரையும் படுக்கவிடாமல் வைத்திருந்த அறையில் கஸ்பர் போய்ப் படுத்தார். இமா இல்லாமல் நித்திரை வராது என்று சொன்ன மனுசன், விடிய கொட்வின் வந்து தட்டினபிறகுதான் எழும்பினார்.

கோட்டுப் போட்டு டை கட்டிக்கொண்டு, தேத்தண்ணியோடு கீழே இறங்கிக் கரவான் கதவைத் தட்டினார்.

“நில்லுங்கோ, இன்னும் சீலை கட்டி முடியேல்லை,” என்று டயனாவின் குரல் வந்தது. “அக்கா, அசையாதேங்கோ. கொசுவத்தை இந்தப் பக்கம் கொஞ்சம் ஏத்திக் குத்தினால் ஒண்டும் தெரியாது. ஆ, இப்ப பாருங்கோ.”

“எங்கையடி பாக்கிறது? கண்ணாடி வயித்துக்கு நேரைதானே கிடக்கு.”

“அதைத்தான் பாக்கச் சொல்லுறன்.”

உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். முதல் நன்மைக்கு வெள்ளை உடுப்பு உடுத்திருந்த லக்‌ஷிகா, தன்னையும் உள்ளே விடச்சொல்லிப் படியில் ஏறி நின்று கதவைத் தட்டினாள். கதவு ஒரு இடுக்கு அளவு திறந்து பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்டு மறுபடி மூடியது.

கஸ்பர் தேத்தண்ணியோடு புல்லில் நின்றார்.

“குடியுங்கோ அண்ணை, ஆறிப்போகும்,” என்றான் கொட்வின். “பூசைக்கு நேரம் கிடக்கு. அதுவரைக்கும் எங்கள் ரெண்டு பேரையும் ஒருத்தரும் தேடமாட்டினம்.”